நம் பகுதியில் வில்சன் நோய் எத்தனை பேருக்கு இருக்கும்? கணக்கு எப்படிப் போடுவது?

கரும்புக்காட்டுப் பேரன் (சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

என் அக்கா மகனுக்கு 17 வயது. இரண்டு வருடமாகவே கையெழுத்து பொடிப்பொடியாகச் சிறுத்துக்கொண்டு வந்தது. அப்புறம் பேச்சு குழற ஆரம்பித்தது. டீக்கோப்பையைப் பிடித்தால் கை நடுங்கும். ஒரு டாக்டர் பரீட்சைப் பயம் என்றார். இன்னொருவர் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார். வீட்டில் வேப்பிலை அடித்தார்கள், கோயிலுக்கு நேர்ந்துகொண்டார்கள். கடைசியில் கண்ணாடி மாற்றப் போன இடத்தில்தான் விஷயம் பிடிபட்டது. கருவிழி ஓரத்தில் பழுப்பும் பச்சையுமாக ஒரு வளையம் இருப்பதைக் கண் டாக்டர் பார்த்துவிட்டு, ரத்தத்தையும் 24 மணி நேரச் சிறுநீரையும் உடனே சோதிக்கச் சொன்னார். வில்சன் நோய் என்று தெரிந்தது.

சாப்பாட்டில் வரும் செம்புச் சத்தைக் கல்லீரல் பித்தநீர் வழியாக வெளியே தள்ள வேண்டும். அந்த வேலையைச் செய்யும் ஏடிபி7பி என்ற மரபணு, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதாகவே வந்தால் செம்பு உள்ளேயே தங்கி, முதலில் கல்லீரலிலும் பிறகு மூளையிலும் படிகிறது. இதைக் கேட்டதும் ஆயா வீட்டிலிருந்த செம்பு லோட்டாவையெல்லாம் மூட்டை கட்டி வெளியே வைத்துவிட்டார். பாத்திரத்தால் வந்த நோய் இல்லை என்று அவருக்குப் புரியவைக்கவே ஒரு வாரம் ஆனது. மருந்து இருக்கிறது. ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும், நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

இப்போது என் கேள்வி. 'ரொம்ப அபூர்வம், 30,000 பேரில் ஒருவருக்குத்தான்' என்று சொன்னார்கள். ஆனால் இந்த ஆறு மாதத்தில் விசாரித்ததில் ஃபீனிக்ஸில் ஒரு வீடு, டொங்காட்டில் ஒரு வீடு என்று இன்னும் இரண்டு தெரிந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் குவாசுலு நட்டால் மாகாணத்தில் இந்தியர் சுமார் ஏழரை லட்சம். 30,000ஆல் வகுத்தால் 25 பேர் வர வேண்டும். மீதி 22 பேர் எங்கே? அல்லது அந்த 30,000 என்ற எண்ணே நமக்குப் பொருந்தாதா?

மருந்து தடையில்லாமல் கிடைக்க வேண்டும், கூடப்பிறந்தவர்களுக்குச் சோதனை வேண்டும் என்று மாகாணச் சுகாதாரத் துறைக்கு மனு எழுதப் போகிறேன். 'எத்தனை பேர்?' என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும். அதற்கு நேர்மையான பதில் வேண்டும்.

---

சோதனைக்கூடத்துச் சுடர் (ஜோஹன்னஸ்பர்க்) எழுதியது:

அண்ணா, பையன் எப்படி இருக்கிறான்? மருந்து தொடங்கிய முதல் மாதங்களில் நடுக்கம் கூடுவதுண்டு, அப்படி நடந்தால் தாமாக மருந்தை நிறுத்தாமல் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். நான் மதுரையிலிருந்து வந்து இங்கே ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன்.

'எத்தனை பேருக்கு' என்ற ஒரே கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இரண்டு பழுதான மரபணுக்களோடு பிறப்பவர்கள் எத்தனை பேர், இன்று நோயோடு உயிரோடு இருப்பவர்கள் எத்தனை பேர், நோய் இன்னதென்று கண்டறியப்பட்டவர்கள் எத்தனை பேர். இந்த மூன்று எண்களும் ஒன்றாக இருக்கவே முடியாது. வில்சனில் இடைவெளி இன்னும் பெரிது. மருந்து கிடைக்காதவர்கள் இளம் வயதிலேயே போய்விடுகிறார்கள், அதனால் இரண்டாவது எண் முதலாவதைவிடக் குறையும். கண்டுபிடிக்கப்படாதவர்கள் விடுபடுவதால் மூன்றாவது இன்னும் குறையும். நீங்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டது மூன்றாவது எண்ணின் ஒரு துண்டு மட்டுமே.

30,000இல் ஒருவர் என்பது 1984இல் வந்த மதிப்பீடு. அதையொட்டி 90 பேரில் ஒருவர் கேரியர், அதாவது பழுதான பிரதி ஒன்று மட்டும் உள்ளவர், என்றும் சொன்னார்கள். 2013இல் பிரிட்டனில் வேறு வழியில் போனார்கள். நோயாளிகளைத் தேடாமல் பொதுமக்களின் டிஎன்ஏ மாதிரிகளில் இந்த மரபணுவையே படித்துப் பார்த்தார்கள். 40 பேரில் ஒருவர் கேரியர் என்று வந்தது. அப்படியானால் ஏறக்குறைய 7,000 பேரில் ஒருவருக்கு இரண்டு பழுதான பிரதிகளும் இருக்க வேண்டும். ஆனால் பிரிட்டன் மருத்துவமனைகளில் அத்தனை நோயாளிகள் இல்லை.

இதற்கு இரண்டு விளக்கம் உண்டு. பலர் கண்டுபிடிக்கப்படாமல் இருக்கலாம். அல்லது பழுதான மரபணு இரண்டு இருந்தும் சிலருக்கு நோய் வெளியே வராமலே இருக்கலாம். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை என்பது என் எண்ணம். உங்கள் ஏழரை லட்சத்துக்கு ஒரு கணக்கில் 25, இன்னொன்றில் 107 வருகிறது. நான்கு மடங்கு வித்தியாசம். இரண்டுமே முறையாகப் போட்ட கணக்குகள்தான்.

---

பழைய கணக்கு வாத்தியார் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்) எழுதியது:

தம்பி, பொறுப்போடு கேட்டிருக்கிறீர்கள். 34 வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன், கொஞ்சம் கணக்காகவே பேசுகிறேன்.

முதலில் மூன்று வீடு என்ற எண்ணிக்கை. இவ்வளவு சின்ன எண்ணைத் தற்செயல் நிறைய ஆட்டும். மூன்று என்று எண்ணினால், உண்மையான சராசரி 0.6இலிருந்து 8.8 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்பது புள்ளியியல் தரும் 95 சதவீத எல்லை. ஆனால் இந்த எல்லை தற்செயலால் வரும் தவறை மட்டுமே அளக்கும். தேடாததால் விடுபட்டவர்களைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது. பெரிய ஆய்வுகளிலும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம்.

அடுத்து நம் வீடுகளில் நடந்த கல்யாணம். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று உறவுக்குள்ளேயே கட்டிக்கொடுத்த வழக்கத்தோடுதான் நம் முன்னோர் கப்பல் ஏறினார்கள். இப்போது குறைந்துவிட்டது. ஆனால் இந்தக் கணக்கில் சிறு பங்கு இருந்தாலும் எண் வெகுவாக மாறும்.

பொதுக் கணக்கில் 30,000இல் ஒருவர் என்றால், பழுதான பிரதியின் அளவு 173இல் ஒன்று, ஏனென்றால் 173ஐ 173ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 30,000. மாமன் மகளைக் கட்டினவருக்குப் பிறக்கும் பிள்ளைக்கு, ஒரே தாத்தா அல்லது பாட்டியிடமிருந்து வந்த அதே பிரதி இரண்டு பக்கமும் வந்து சேர 16இல் ஒரு வாய்ப்பு. 173ஐ 16ஆல் பெருக்கினால் 2,768. இதோடு பழைய 30,000இல் ஒன்றையும் சேர்த்தால் ஏறத்தாழ 2,550 பிள்ளைகளில் ஒருவர். அக்கா மகளைக் கட்டியிருந்தால் 8இல் ஒரு வாய்ப்பு, அங்கே சுமார் 1,330இல் ஒருவர்.

ஊரில் 20 கல்யாணத்தில் ஒன்றுதான் மாமன் மகள் வகை என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக நான் எடுத்த எண், ஆய்வு அல்ல. அப்போது மொத்த ஊருக்கு 19,500இல் ஒருவர் என்று வரும். நோயுள்ள பிள்ளைகளில் பத்துக்கு நாலு பேர் அந்த ஐந்து சதவீதக் கல்யாணங்களிலிருந்தே வந்திருப்பார்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. நோயாளி எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, உறவுக் கல்யாணத்தை மறந்து, வர்க்கமூலம் எடுத்துக் கேரியர் எத்தனை பேர் என்று போட்டால் 70இல் ஒருவர் என்று வரும். உண்மையில் அது 87இல் ஒருவர்தான். நம் ரத்தத்தில் பழுது அதிகம் என்று தவறாக முடிவு கட்டிவிடுவோம். பழுது அதிகமில்லை, சந்திக்கும் வாய்ப்புதான் அதிகம்.

---

வடகரைவாசி (ஸ்டேஞ்சர்) எழுதியது:

இந்த நாட்டிலேயே இதற்கு வழி காட்டியவர் இருக்கிறாரே. போர்ட் எலிசபெத்தில் இருந்த டாக்டர் ஜெஃப்ரி டீன், ஆஃப்ரிகானர் குடும்பங்களில் போர்ஃபிரியா என்ற நோயைத் தேடி வீடு வீடாக, தலைமுறை தலைமுறையாக வம்சாவளி எழுதினார். 1688இல் கேப் டவுனில் கல்யாணம் செய்த கெரிட் யான்ஸ், ஆரியான்ட்ஜே யாகப்ஸ் என்ற ஒரே தம்பதியில் போய் முடிந்தது. இன்றைக்குப் பல ஆயிரம் பேரிடம் அந்தப் பிழை இருப்பதாகச் சொல்கிறார்கள். சில மயக்க மருந்துகளே அவர்களுக்கு விஷமாகும் என்பதால் அந்தத் தேடல் பலரைக் காப்பாற்றியது.

நமக்கும் கப்பல் பதிவேடுகள் இருக்கின்றன. 1860 நவம்பர் 16இல் டர்பனில் ட்ரூரோ கப்பல் வந்ததிலிருந்து 1911 வரை 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, கிராமம் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். மூன்று குடும்பத்தையும் பின்னோக்கிக் கொண்டுபோனால் ஒரே கிராமத்தில் நிற்குமோ? எனக்கு அந்த ஆவல் நிரம்ப இருக்கிறது. உதவி வேண்டுமானால் செய்கிறேன்.

---

சோதனைக்கூடத்துச் சுடர் எழுதியது:

வடகரை அண்ணா, உங்கள் ஆவல் புரிகிறது, குடும்ப வரலாறாக அது அருமையான வேலை. ஆனால் டீனுக்குப் பலித்தது நமக்கு அப்படியே பலிக்காது. போர்ஃபிரியாவுக்கு ஒரு பழுதான பிரதி போதும். நோயாளியின் அப்பா அல்லது அம்மாவிடமும் அது இருக்கும், தாத்தா பாட்டியில் ஒருவரிடமும் இருக்கும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம். வில்சனில் பிரதி ஒன்று மட்டும் இருப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது. நாலு தலைமுறை சத்தமில்லாமல் இறங்கி வந்து, இதே பழுதுள்ள இன்னொருவரைச் சந்திக்கும் வீட்டில்தான் வெளிப்படும். அதனால் வம்சாவளியில் பெரும்பாலும் ஒரே தலைமுறையில் அண்ணன் தங்கைக்கு மட்டும் இருக்கும், மேலே தேடினால் ஒன்றும் இருக்காது.

இன்னொரு விஷயம், நம் மூன்று வீடுகளைப் பற்றியது. கேரியர் தம்பதிக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 4இல் ஒரு வாய்ப்பு. இரண்டு பிள்ளை உள்ள வீடுகளை மட்டும் எடுங்கள். 16 வீட்டில் 9 வீட்டில் இருவருமே தப்பித்துவிடுவார்கள். அந்த 9 வீட்டுக்கும் தாங்கள் கேரியர் என்றே தெரியாது, நம் பட்டியலுக்கும் வர மாட்டார்கள். மீதி 7 வீட்டில் உள்ள 14 பிள்ளைகளில் 8 பேருக்கு நோய் இருக்கும். பட்டியலை மட்டும் பார்ப்பவருக்குப் பாதிக்கு மேல் பாதிப்பு போலத் தெரியும். உண்மை கால் பங்குதான். நோயாளி வழியாக வீட்டைத் தேடும் எந்தக் கணக்கிலும் இந்தச் சாய்வு உண்டு.

---

ரோஸ்ஹில் தமிழன் (மொரிஷியஸ்) எழுதியது:

இங்கிருந்து ஒரு வார்த்தை. சின்ன ஊர், நெருங்கிய உறவு என்றாலே ஒரே முன்னோர், ஒரே பிழை என்று நினைத்துவிடாதீர்கள். எங்களுக்குப் பக்கத்துத் தீவான ரெயூனியனில் தசை மெலியும் ஒரு பரம்பரை நோய் ஒரு சிறு சமூகத்தில் அதிகமாக இருந்தது. எல்லாருக்கும் ஒரே பிழைதான் இருக்கும் என்று எதிர்பார்த்தே ஆய்வாளர்கள் தேடினார்கள். 1995இல் கால்பெயின் என்ற மரபணுவைக் கண்டுபிடித்தபோது, அந்தக் குடும்பங்களுக்குள்ளேயே ஆறு வெவ்வேறு பிழைகள் இருந்தன. ரெயூனியன் முரண் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

வில்சனுக்கு இதுவரை 500க்கும் மேற்பட்ட பிழைகள் கண்டறியப்பட்டிருக்கின்றன. மாறாக, சார்டினியா, கிரான் கனேரியா போன்ற தீவுகளில் சில பிழைகளே மேலோங்கி, நோயும் மிக அதிகம். இரண்டு விதமும் நடக்கிறது. ஒன்றரை லட்சம் பேர் எத்தனையோ ஜில்லாக்களிலிருந்து வந்த உங்கள் ஊர் ஒரு தம்பதியில் தொடங்கிய ஊர் இல்லை. மூன்று வீட்டிலும் டிஎன்ஏ சோதித்தால் மூன்று விதமான பிழைகள் வந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

---

வெருலம் நர்ஸம்மா எழுதியது:

தம்பி, நான் 29 வருடம் வார்டில் நின்றவள். உன் 22 பேர் எங்கே என்று கேட்டாயே, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மஞ்சள் காமாலை என்று வந்து, வயிறு வீங்கி, பத்து நாளில் போன பெண் பிள்ளைகள். ஹெபடைடிஸ் என்று எழுதி முடித்துவிடுவோம். இருபது வயதில் திடீரென்று கோபம், அழுகை, வேலையை விட்டுவிட்டு அறையில் உட்கார்ந்திருப்பான், மனநல வார்டுக்குப் போவான். குடிக்கவே குடிக்காத பையனை, ஈரல் கெட்டுப்போனதைப் பார்த்துவிட்டு, குடிகாரன் என்று சொந்தக்காரர்களே பேசுவார்கள். அதில் எத்தனை பேர் வில்சன் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. யாருக்கும் கண்ணை ஸ்லிட் லேம்பில், அதாவது கண் டாக்டரின் உருப்பெருக்கி விளக்கில், பார்க்கத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அந்த முகங்கள் இன்றும் நினைவில் வருகின்றன.

அதிலும் மூளையைப் பிடித்தவர்களுக்குத்தான் அந்த வளையம் பெரும்பாலும் தெரியும். ஈரல் நோயோடு வருபவர்களில் பாதிப் பேருக்குத்தான் இருக்கும். வளையம் இல்லை என்பதால் நோய் இல்லை என்று அனுப்பிவிடக் கூடாது.

எண்ண வேண்டுமானால் ஒரு யோசனை. செம்பை வெளியேற்றும் பெனிசிலமின் மாத்திரை வாங்குபவர்களை மருந்தகத்தில் எண்ணலாம். ஆனால் மூட்டுவாத நோய்க்கும் சிலவகைச் சிறுநீரகக் கல்லுக்கும் அதே மருந்து கொடுத்ததுண்டு, பிரித்துப் பார்க்க வேண்டும். துத்தநாகம் மட்டும் சாப்பிடுபவர்கள் அதில் வரவே மாட்டார்கள். மருத்துவக் காப்பீட்டு ரசீதில் நோய்க் குறியீடு இருக்கும், செம்பு சம்பந்தப்பட்டதற்கு இ83.0. அதுவும் வசதி உள்ளவர்களை மட்டும்தான் காட்டும்.

---

பழைய கணக்கு வாத்தியார் எழுதியது:

அம்மா சொன்னதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எழுத முடியவில்லை.

இரண்டு பட்டியல்களும் குறையுள்ளவை என்றாலும், இரண்டையும் சேர்த்து வைத்தால் விடுபட்டவர்களைத் தோராயமாகக் கணக்கிடலாம். குளத்து மீனை எண்ணும் முறை. உதாரணத்துக்கு, கிளினிக் பட்டியலில் 12 பேர், மருந்தகப் பட்டியலில் 10 பேர், இரண்டிலும் இருப்பவர் 6 பேர் என்று வையுங்கள். மருந்தகம் கண்டவர்களில் பாதியைக்கூடத் தாண்டி, 10க்கு 6 பேரைக் கிளினிக்கும் கண்டிருக்கிறது. அப்படியானால் கிளினிக்கின் 12 என்பது மொத்தத்தில் 60 சதவீதம், மொத்தம் 20. கண்ணில் பட்டவர் 16, படாதவர் 4.

இந்த முறை புதிதல்ல. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 31 சதவீதம் பேர் விடுபட்டார்கள் என்று அரசே அறிவித்தது. எப்படித் தெரிந்தது? பிறகு தனியாக ஒரு மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தி, இரண்டையும் ஒப்பிட்டுத்தான். நாம் எடுத்துக்கொண்ட 2011 எண்ணும் இப்படித் திருத்தி வந்ததுதான் என்பதை மறக்க வேண்டாம். அதில் 'இந்தியர் அல்லது ஆசியர்' என்று மட்டும் உண்டு. தமிழர் எத்தனை என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

ஒரு நிபந்தனை மட்டும். இரண்டு பட்டியலும் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும். கிளினிக் போனவர்தான் மருந்துச் சீட்டோடு மருந்தகம் போவார், ஆக இங்கே சார்பு உண்டு. இரண்டிலும் இருக்கும் பெயர்கள் கூடிவிடும், அதனால் 20 என்பது உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். வார்டில் பெயர் தெரியாமல் போனவர்கள் இரண்டிலும் இல்லை.

---

மௌனகீதம் (ஃபீனிக்ஸ்) எழுதியது:

ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். முதல் பதிவில் வந்த ஃபீனிக்ஸ் வீடு எங்கள் தெருவாக இருக்கலாம். இங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஒரு வீட்டில் பரம்பரை நோய் என்று தெரிந்தால் அந்த வீட்டுப் பெண்களுக்குக் கல்யாணப் பேச்சு நின்றுபோகும். நான் பார்த்திருக்கிறேன். 12 பேர், 10 பேர் என்று பட்டியலை ஒப்பிட வேண்டுமானால் பெயரும் பிறந்த தேதியும் வேண்டும். அதை யார் கையில் கொடுப்பது?

---

கரும்புக்காட்டுப் பேரன் எழுதியது:

அக்கா, நீங்கள் சொல்வது நியாயம். ஊர்ப் பெயர்களை நான் எழுதியிருக்கக் கூடாது. பதிவைத் திருத்த இங்கே அனுமதியில்லை, நிர்வாகியிடம் நீக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உடல்நிலை விவரங்களுக்குத் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் தனிக் காவல் வைத்திருக்கிறது, 2021 ஜூலை முதல் அது முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. பட்டியல் ஒப்பிடும் வேலையை நானோ நம்மில் யாருமோ செய்யக் கூடாது. நெறிமுறைக் குழு உள்ள பல்கலைக்கழகமோ மருத்துவத் துறையோதான் செய்ய வேண்டும். அதையே மனுவில் ஒரு கோரிக்கையாக வைக்கிறேன்.

மனுவில் ஒரே எண் எழுத மாட்டேன். 25இலிருந்து 107 வரை, இரண்டும் எந்தக் கணக்கிலிருந்து வந்தவை, இடையில் ஏன் இவ்வளவு இடைவெளி என்று எழுதுகிறேன். உறவுக் கல்யாணத்தால் கூடலாம், இளம் வயது மரணத்தால் குறையலாம் என்பதையும் சேர்க்கிறேன். மூன்று வீடு என்பதை எழுதப் போவதில்லை.

நர்ஸம்மா, நீங்கள் எழுதியதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவனுக்குக் கீழே ஒரு தங்கை இருக்கிறாள், 13 வயது. ஓடி ஆடி நன்றாகத்தான் இருக்கிறாள், அதனால் அக்கா சோதனையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். 4இல் ஒன்று என்ற கணக்கைக் கேட்டதும் பயந்தாள், ஆனால் அறிகுறி வருமுன்னே மருந்து தொடங்கினால் நோய் வெளியே வராமலே தடுக்கலாம் என்று அவன் டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். அவரையே மறுபடி பார்த்தோம். செம்பைச் சுமக்கும் ரத்தப் புரதமான செருலோபிளாஸ்மினுக்கு ரத்தம் எடுத்தாயிற்று. அது கேரியருக்கும் கொஞ்சம் குறைவாக வரலாம் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டார்களாம். 24 மணி நேரச் சிறுநீருக்கு டப்பா கொடுத்திருக்கிறார்கள். அண்ணனுக்கு என்ன மரபணுப் பிழை என்பதற்கும் மாதிரி அனுப்பியிருக்கிறது, வந்தவுடன் அதையே இவளிடம் தேடிப் பார்ப்பார்கள்.

---

வெருலம் நர்ஸம்மா எழுதியது:

நல்ல காரியம் செய்தாய். டப்பாவில் ஒரு துளி விடாமல் பிடிக்க வேண்டும், காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு தொடங்கச் சொல். மறுநாள் அதே நேரத்தில் போவதையும் சேர்த்துப் பிடித்து முடிக்க வேண்டும். பள்ளிக்கூட நாளில் முடியாது, சனிக்கிழமை காலை ஆரம்பிக்கச் சொல்.